ஓசிஐ அட்டைக்கு முன் வீட்டிலுள்ள தாள்களைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் சில மாதங்களையாவது தமிழ்நாட்டில் கழிக்க வேண்டும், இயன்றால் அங்கேயே நீண்டகாலம் தங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் என் வயதையொத்த சிங்கப்பூர்த் தமிழர்களிடையே பரவலாக இருக்கிறது. கோயில் மண்டபத்திலும் காப்பிக்கடையிலும் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் அடிபடும் தகவல்களில் பாதி பழையவை, மீதியில் சில முற்றிலும் தவறானவை. இரண்டரை ஆண்டுகள் அலைந்து, சென்ற ஆண்டு ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையைப் பெற்றவன் என்ற முறையில், எங்கள் குடும்பம் கண்டறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அட்டையின் பெயரில் ‘குடிமகன்’ என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. இந்திய அரசியல் சாசனம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை. ஓசிஐ என்பது சிங்கப்பூர்க் கடப்பிதழுடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய வாழ்நாள் விசா என்று புரிந்துகொண்டால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், எத்தனை காலம் வேண்டுமானாலும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டியதில்லை. வாக்குரிமை கிடையாது, அரசுப் பணியில் பொதுவாகச் சேர முடியாது, செய்தித்துறை, ஆய்வு, சமயப் பிரசாரம் போன்ற பணிகளுக்கு 2021ஆம் ஆண்டின் அறிவிப்புப்படி தனி அனுமதி பெற வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு முகவர், “மூன்றே மாதத்தில் இந்தியக் குடியுரிமை, உங்கள் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் கையிலேயே இருக்கும்” என்று சொல்லி என் மைத்துனரிடம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை முன்பணமாக வாங்கினார். அப்படியொரு ஏற்பாடு சட்டத்தில் இல்லவே இல்லை. அந்தப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அடுத்து, இந்த அட்டை யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி. இந்திய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னரோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்தத் தேதியில் இந்தியக் குடிமகனாவதற்குத் தகுதி பெற்றிருந்தவர் எவரோ, அவரும் அவருடைய பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். பாட்டனார் இந்தியக் கடப்பிதழே எடுத்ததில்லை, பிரிட்டிஷ் காலத்திலேயே கப்பலேறி வந்துவிட்டார், ஆகவே நமக்குத் தகுதியில்லை என்று பலர் தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அது சரியன்று. அவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவர் என்பதும், அவருடைய நேர்வழியில் நாம் வந்தவர்கள் என்பதும் தாள்களால் நிறுவப்பட வேண்டும். தடையாக நிற்பது பெரும்பாலும் அந்தத் தாள்கள்தாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு, இந்தியப் பூர்வீகம் தனியாக இருந்தாலன்றி, இந்த வழி திறக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களில் சிலர் விண்ணப்பத்துக்காகப் பணம் செலவழித்து ஏமாந்ததை அறிவேன்.

என் பாட்டனார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். 1930களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி வந்து, பின்னாளில் 1964இல் துறைமுக ஆணையமாக மாறிய அன்றைய துறைமுக வாரியத்தில் கூலியாக வேலை பார்த்தார். என் தந்தையார் இங்கே பிறந்தார், நானும் இங்கே பிறந்தேன். தஞ்சோங் பகார் குடியிருப்பிலிருந்து வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது, பாட்டனாரின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதா வேண்டாமா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்ததாக என் அத்தை சொல்வார். துருப்பிடித்த பெட்டிக்குப் புது வீட்டில் இடமில்லை என்று துணிகளையும் பழைய தாள்களையும் கழித்துக் கட்டிவிட்டார்கள். அத்தை மட்டும் முந்தானையில் முடிந்து எடுத்துவந்த நாலு தாள்கள், பிறகு அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகள் இருந்திருக்கின்றன. அவருக்கு இப்போது எண்பத்தேழு வயது. நான் போய்க் கேட்டிராவிட்டால் அந்தத் தாள்கள் இருப்பதே எங்கள் தலைமுறைக்குத் தெரிந்திருக்காது.

அவற்றில் ஒன்று 1938ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம். மன்னர் தலை அச்சிட்ட முத்திரைத்தாள், மடித்த இடங்களில் நூல்நூலாகக் கிழிந்திருந்தது. புள்ளி வைக்காமல் ஒரே கோடாக ஓடும் பழைய கையெழுத்தைப் படிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அதில் ஊர்ப்பெயர், கொள்ளுப்பாட்டனார் பெயர், சாட்சிகளின் கைநாட்டு எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டனாரின் பெயருக்கு முன்னால் “தற்காலம் சிங்கப்பூர் பட்டணத்தில் ஜீவித்திருக்கும்” என்று எழுதியிருந்தது. அந்த நாலு சொற்கள் ஊரையும் இந்தத் தீவையும் ஒரே வரியில் இணைத்தன. அதைப் படித்தபோது என் மனைவியும் நானும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பத்திரம் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பத்திரத்தில் உள்ளவரும் என் தந்தையாரின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் என்று குறிக்கப்பட்டவரும் ஒரே ஆள்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பெயரைக் காதில் வாங்கியபடி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரு தாளில் ‘டி’ எழுத்தோடு ‘எச்’ சேர்ந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது, மூன்றாவதில் சாதிப்பெயர் வால்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு நாலு விதமான எழுத்துக்கூட்டல்கள். பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தோம். தந்தையாரின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து போயிருந்ததால், குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தில் பிறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பித்துப் பெற்றோம். இங்கே நடந்த இந்த வேலைகளெல்லாம் ஒழுங்காகவும் விரைவாகவும் முடிந்தன.

ஊரில்தான் நேரம் பிடித்தது. 1980ஆம் ஆண்டு பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஊர்க்குடும்பங்களை வாய்க்கணக்காக அறிந்திருந்தவர்கள் இல்லாமல் போனார்கள். இன்றைய அலுவலர் ஏட்டில் இருப்பதைத்தான் பார்த்துச் சொல்ல முடியும், அது அவர் குற்றமும் அன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எண்ணையும் ஆண்டையும் சொல்லிச் சான்றிட்ட நகல் கேட்டால் தேடித் தருவார்கள். எண் தெரியாவிட்டால் ஊர்ப்பெயர், பெயர் அட்டவணைகளை ஆண்டுவாரியாகப் புரட்ட வேண்டும், அதற்குத் தேடுகட்டணம் உண்டு. நாங்கள் அங்கேயுள்ள ஒன்றுவிட்ட தம்பியின் துணையோடு மூன்று முறை போய் வந்தோம். சான்றிட்ட நகலும், வருவாய்த் துறை தந்த பிறப்பிடச் சான்றும், தலைமுறைக்கு ஒன்றாகப் பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்தபின்தான் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எந்தத் தாளை ஏற்பது என்பதைத் தூதரகம் ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து முடிவுசெய்கிறது என்பதால், எங்களுக்குப் போதுமானதாக இருந்தது எல்லாருக்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பக் கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை. தாள்களைத் திரட்ட ஆன செலவு அதைவிடப் பல மடங்கு.

இந்தியக் குடிமக்களாக இருந்து இங்கே வந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தேடல் தேவையில்லை. அவர்கள் பழைய இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்து, குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றிதழைப் பெற்றாலே வழி திறந்துவிடும். துணைவர் சீனரோ மலாய்க்காரரோ எந்த இனத்தவராயினும், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருந்தால் துணைவர் என்ற தகுதியில் விண்ணப்பிக்கலாம். மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டை செல்லாது. பாகிஸ்தான், பங்ளாதேஷ் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் இந்த அட்டை கிடைக்காது.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முதன்மையான காரணம் பேரப்பிள்ளைகள். கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தியோடு பொதுவான தகுதி நின்றுவிடுகிறது. அவர்களுடைய பிள்ளைகள், அதாவது ஐந்தாம் தலைமுறையினர், தகுதியுள்ள ஒருவரின் பதினெட்டு வயது நிறையாத பிள்ளை என்ற பிரிவின் கீழ் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூரில் என்னைப் போன்றோரின் பேரப்பிள்ளைகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ‘பிள்ளை பெரியவனாகித் தானே முடிவு செய்துகொள்ளட்டும்’ என்று பெற்றோர் நல்லெண்ணத்தோடு காத்திருந்தால், அவன் பெரியவனாகும் நாளில் இந்த வழியும் அடைபட்டுவிடும். சூரினாமில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு நான்காம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறைக்குத் தகுதியை நீட்டிப்பதாக 2023இலும், மொரீஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறைவரை நீட்டிப்பதாக 2024இலும் இந்தியக் குடியரசுத் தலைவர் அந்தந்த நாட்டுக்குச் சென்றபோது அறிவித்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களிடம் தாள்கள் இல்லை என்பதை இந்திய அரசு உணர்ந்திருப்பதையே இது காட்டுகிறது. ரப்பர் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ரயில்பாதைக்கும் வந்த நம் முன்னோரின் நிலையும் அதிலிருந்து வெகுவாக மாறுபட்டதன்று என்பதைச் சமூகத் தலைவர்கள் தூதரகத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

ஓசிஐ கிடைக்காதவர்களுக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். இந்திய வம்சாவளியினருக்கு ‘எக்ஸ்’ எனப்படும் நுழைவு விசா ஐந்து ஆண்டுகள்வரை வழங்கப்படுகிறது. 180 நாள்களுக்குமேல் தொடர்ந்து தங்குவதாக இருந்தால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அதை இப்போது இணையத்திலேயே செய்யலாம். சுற்றுலா விசாவில் போய் அப்படியே தங்கிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். கெடு தாண்டித் தங்கினால் அபராதத்தோடு மறுமுறை நுழைவதற்கே சிக்கல் வரும். ஜோகூரில் வீடு பார்க்கலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். 2002இல் தொடங்கிய ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் ஒருகாலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. 2021இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட் என்று ஏற்றினார்கள். 2024இல் மாற்றியமைத்தபிறகும் ‘சில்வர்’ எனப்படும் வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும் 600,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடும் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறப்புப் பொருளியல் வட்டாரங்களில் 32,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையோடு ஒரு பிரிவு இருக்கிறது, அங்கேயும் வீடு வாங்கியாக வேண்டும். ஓய்வூதியமாக மாதாமாதம் மசேநி எனப்படும் மத்திய சேமநிதிப் பணத்தை நம்பியிருக்கும் என் போன்றவர்களுக்கு இது சரிவராது.

அட்டை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் மறந்துவிடும் சில செய்திகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூர்வீக ஊரில் இரண்டு மா வயல் வாங்கிப் போடலாம் என்ற ஆசை நமக்கெல்லாம் உண்டு. ஓசிஐ அட்டைதாரர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது, பிறர் தானமாகக் கொடுத்தாலும் பெற முடியாது. வாரிசு வழியில் வருவது மட்டுமே விலக்கு. உறவினர் பெயரில் வாங்கி வைத்து, பிறகு அந்த உறவும் நிலமும் சேர்ந்து போன குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன. வரியும் கவனிக்க வேண்டியதே. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் அந்த ஆண்டுக்கு அங்கே வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாடு இருந்தாலும், வாடகை, வட்டி என்று இங்கே வருமானம் உள்ளவர்கள் புறப்படும் முன்பே கணக்காளரைக் கலந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் பெரியது மருத்துவம். சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டில் பெறும் சிகிச்சைக்குப் பணம் தராது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ மருத்துவமனையில் படுத்தால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. அங்கே தங்கியிருக்கும் காலத்திலும் இங்கே காப்புறுதிச் சந்தா தொடரும், தொடரவும் வேண்டும், ஏனெனில் பெரிய நோய் என்றால் நாம் திரும்பி வரப்போவது இங்கேதான். சென்ற மார்கழியில் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஊரில் அறுவை சிகிச்சை நடந்தபோது முழுத் தொகையையும் கையிலிருந்தே கட்டினோம். நல்ல மருத்துவர், நல்ல கவனிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்ததால்தான் நாங்கள் கலங்காமல் இருந்தோம். அறுபத்தைந்து வயதுக்குமேல் இந்தியாவில் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுப்பது எளிதன்று, முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு.

வீட்டை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வீவக வீட்டை முழுமையாக வாடகைக்கு விட உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை. மசேநியை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது, சிங்கப்பூர்க் குடியுரிமையையே துறக்க வேண்டும். மாதாந்தரத் தொகையோ நாம் எங்கே இருந்தாலும் வங்கிக் கணக்கில் வந்துகொண்டுதான் இருக்கும். அப்படியிருக்க, பிறந்து வளர்ந்த நாட்டின் உரிமையை ஒரு தொகைக்காகக் கைவிட வேண்டிய அவசியம் என்ன என்பதை ஒவ்வொருவரும் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். நானும் என் மனைவியும் பேசினோம், துறப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆறு மாதம் ஊரில், ஆறு மாதம் ஈசூனில் என்பதே எங்கள் ஏற்பாடு.

ஆசிரியர் அவர்கள் வழியாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தேசிய ஆவணக் காப்பகமும் இந்திய மரபுடைமை நிலையமும் நம் முன்னோர் வருகை பற்றிய செய்திகளைப் பேணி வருகின்றன. அவற்றின் துணையோடு, நமது சமூக அமைப்புகள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ‘குடும்ப ஆவண நாள்’ ஒன்றைச் சமூக மன்றங்களில் நடத்தலாம். பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் சிலர், பிறப்புப் பதிவை எப்படிக் கேட்பது என்று விளக்க ஒருவர், சத்தியப் பிரமாணம் செய்துவைக்க ஓர் ஆணையர், இவ்வளவு பேர் ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் போதும். முகவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுவது பெருமளவு குறையும். இரண்டாவதாக, தூதரக அதிகாரிகள் எந்தெந்தப் பழைய தாள்கள் ஏற்கப்படும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டால், ஆங்கிலப் படிவத்தைக் கண்டு தயங்கி நிற்கும் முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். அத்தகைய நாள் நடந்தால் எங்கள் குடும்பத்துத் தாள்களின் நகல்களோடு நான் வந்து உதவக் காத்திருக்கிறேன்.

எங்கள் மூத்த பேத்திக்கு இப்போது பதினாறு வயது நடக்கிறது. அவளுடைய விண்ணப்பத்துக்குத் தாய் தந்தை இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால், டிசம்பர் பள்ளி விடுமுறையில் எல்லாரும் சிங்கப்பூரில் இருக்கும்படி பார்த்து நாள் குறித்திருக்கிறோம். அத்தையையும் அன்று வீட்டுக்கு அழைத்து வருவதாக என் மகன் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்.